எதிர்ப்பவர் எழுந்து நிற்கவும்

கை வைக்காத பிளாஸ்டிக் நாற்காலிகளாகப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள் என்பதை உட்கார்ந்த பிறகுதான் ஏகாம்பரம் கவனித்தார். முன்வரிசையில், மின்விசிறிக்கு நேர் எதிரில், "அண்ணே, நீங்க இங்க உக்காருங்க, காத்து வரும்" என்று தயாளனே தோளைப் பிடித்து உட்காரவைத்தான். காற்று வரத்தான் செய்தது, சூடாக, ஷாமியானாத் துணியின் புழுங்கல் வாடையோடு. ஆனால் கையை ஊன்ற இடமில்லை. போன பொதுக்குழுவுக்குக் கை வைத்த நாற்காலி வந்திருந்தது. அதிலென்றால் இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்து, மூச்சை இழுத்து, இடது முட்டிக்குள் அந்த நரம்பு விழித்துக்கொள்வதற்குள் எம்பிவிடலாம். இதில் முன்னால் சாய்ந்தால் நாற்காலி பின்னால் வழுக்கும். தயாளன் தெரிந்தே செய்திருப்பானா? பந்தல்காரன் கிடங்கில் மிச்சமிருந்ததை ஏற்றி அனுப்பியிருப்பான், இன்று முகூர்த்த நாள், கை வைத்ததெல்லாம் ஏதாவது கல்யாண மண்டபத்துக்குப் போயிருக்கும். இல்லை, தயாளன் செய்யக்கூடியவன்தான். கம்பெனிக்கு அப்ரண்டிஸாக வந்தபோது கோஷம் போட வாய் கூசியவன் அவன். கூட்டத்தில் எப்போது கைதட்ட வேண்டும், அதைவிட முக்கியமாக எப்போது தட்டாமல் இருக்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே இவர்தான். கற்றதை வைத்து அவன் நிலம் வாங்கி விற்றான், வீட்டு முகப்பில் கிரானைட் பதித்தான், இப்போது சங்கத் தலைவராக மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். மேடைக்குப் பின்னால் பெரிய ஃபிளெக்ஸ். இந்த உழைப்பாளர் குடியிருப்பின் வரிசை வீடுகளையெல்லாம் இடித்துவிட்டு அந்த இடத்தில் பில்டர் எழுப்பப்போகும் கட்டடத்தின் படம். படத்தில் ஒரு பெண்மணி நாய்க்குட்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். காதில் எதையோ செருகிக்கொண்டு ஒருவன் ஓடுகிறான். குடியிருப்பில் யாரும் அந்த நிறத்தில் இல்லை. அத்தனை மாடியில் ஒரு ஜன்னலிலாவது துணி காய்கிறதா என்று ஏகாம்பரம் கீழிருந்து மேலாகப் பார்த்துக்கொண்டே போனார். கழுத்து வலித்தது. எங்கும் காயவில்லை. துவைக்காத ஜனங்கள் போலிருக்கிறது. பில்டர் இன்னும் வரவில்லை. வந்துகொண்டே இருக்கிறாராம். பேப்பர் தட்டில் மிக்சர் வந்தது. பல்லுக்கு ஆகாத பட்டாணியை ஒதுக்கி ஒதுக்கி, மென்மையான ஓமப்பொடியை மட்டும் வாயில் போட்டுக்கொண்டார்.

கம்பெனித் தொழிற்சங்கமாக இருந்த காலத்திலிருந்தே கை தூக்கும் வழக்கம் இந்தக் குடியிருப்புச் சங்கத்தில் கிடையாது. எதிர்ப்பவர் எழுந்து நிற்க வேண்டும். ஒருவர் நின்றாலும் அன்றைக்கு அந்தத் தீர்மானம் நிற்கும், அவர் பேச வேண்டியதைப் பேசி, அடுத்த பொதுக்குழுவுக்குத் தள்ளிவைத்துத்தான் எடுக்க வேண்டும். அந்த விதியை எழுதியது ஏகாம்பரம். சட்டப் புத்தகம் படித்து எழுதியதல்ல. கம்பெனி வாசலில் ஐம்பது பேரிடம் கை தூக்கச் சொன்னால் என்ன நடக்கும் என்று பார்த்துப் பார்த்து எழுதியது. மேனேஜரின் ஆள் எங்கோ நின்று பார்த்துக்கொண்டிருப்பான் என்ற நினைப்பிலேயே கை பாதி தூரம் ஏறும், அங்கிருந்து காதுக்குப் போகும், காதைச் சொறியும், பிறகு தலைமுடியைக் கோதிவிட்டுக்கொண்டு இறங்கிவிடும். கேட்டால் தூக்கினேனே தோழர் என்பான். பாதிக் கை தூக்கலாம், பாதி ஆளாக எழுந்து நிற்க முடியாது. நின்றால் நின்றதுதான். அந்த நாளில் எல்லோருக்கும் இடுப்பும் முட்டியும் இரும்பாக இருந்தன. இப்போது முன்வரிசையைப் பார்த்தால் பாதிப் பேருக்கு முட்டியில் எலாஸ்டிக் பட்டை, மீதிப் பேருக்குக் கையில் குச்சி. கோதண்டம் பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியில் இருக்கிறான், அவன் எதை எதிர்ப்பதாக இருந்தாலும் எப்படி எதிர்ப்பான்? சில வருஷங்களாகவே இந்தச் சங்கத்தில் எல்லாமே ஒருமனதாக நிறைவேறுகிறது. முட்டிவலியின் ஒற்றுமை. இது ஒரு துண்டறிக்கைக்கு நல்ல தலைப்பு என்று தோன்றியது. உடனே அலுப்பாகவும் இருந்தது. அவர் படித்ததெல்லாம் துண்டறிக்கைதான். பள்ளிக்கூடம் நான்காவதோடு சரி. வாசலில் கொடுத்த தாள்களை மடித்து டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்து, இடைவேளையில் எழுத்துக்கூட்டி, "உபரி" என்ற வார்த்தையைப் புரிந்துகொண்ட நாளில் சாப்பிட மறந்துபோனார். பிறகு அவரே எழுத ஆரம்பித்தார். முதல் வரி அரிசி விலையில் தொடங்க வேண்டும், கடைசி வரி எழுந்து நில் என்று முடிய வேண்டும், நடுவில் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம், ஏனென்றால் நடுவில் யாரும் படிப்பதில்லை. இப்போதும் மனசுக்குள் எது வந்தாலும் அந்த அச்சிலேயே வருகிறது. காலையில் இட்லி ஆறியிருந்தால்கூட, தோழர்களே, ஆறிய இட்லியின் பின்னணி என்ன என்றுதான் வருகிறது.

காலையில் இட்லி வைக்கும்போதுதான் கஸ்தூரி சொன்னாள். மருமகள் அவள். கல்யாணமாகி வந்த இத்தனை காலத்தில் அவரிடம் இது வேண்டும் என்று எதையும் கேட்டவளில்லை. தட்டைத் தரையில் வைத்துவிட்டு எழுந்திருக்காமல் அங்கேயே குந்தியிருந்தாள். மாமா, இன்னிக்கு ஒரு நாள் நீங்க சும்மா உக்காந்திருங்க என்றாள். அவ்வளவுதான். கெஞ்சவில்லை, கண் கலங்கவில்லை, அடுப்பில் எதையாவது இறக்க வேண்டும் என்பதைப் போலச் சொன்னாள். அவர் சட்னியைத் தொட்டுக்கொண்டார். சொல்வதற்கு என்ன இருக்கிறது, அவள் தலைக்கு மேலேயே எல்லாம் எழுதியிருந்தது. கூரை காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி விலா எலும்பாகத் தெரிந்தது. போன மழையில் ஒரு பாளம் விழுந்தது, பேத்தி நிவேதாவின் தலையணை மேல். அவள் டியூஷனுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்து தலையணையைப் பார்த்தவள் தன் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அவள் படிப்பதும் தூங்குவதும் அங்கேதான், காஸ் சிலிண்டருக்கும் அரிசி டப்பாவுக்கும் நடுவில். மகன் ஒன்றும் சொல்வதில்லை. சமதர்மன் என்று ஆசையாக வைத்த பெயரை தர்மா என்று சுருக்கிக்கொண்டு வாடகைக் கார் ஓட்டுகிறான், ஏர்போர்ட் சவாரி முடித்து எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது. வந்தால் அந்தக் கூரையைப் பார்த்தபடி மல்லாந்து படுத்திருப்பான். அந்தப் பார்வையில் ஒரு கேள்வி இருக்கிறது. மகன் அதைக் கேட்டுவிட்டால் தேவலை, பதில் தயாராக வைத்திருக்கிறார். கேட்காமல் படுத்திருக்கிறவனை என்ன செய்வது? இப்போது கஸ்தூரி அவருக்கு இடப்பக்கம், மடியில் கைப்பையை வைத்து அதன் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கிறாள். அவள் கேட்பது அரண்மனையா? ஒரு படுக்கை அறை, வயசுக்கு வந்த பெண் உடை மாற்ற ஒரு கதவு, ராத்திரி வெளியே இறங்காமல் வீட்டுக்குள்ளேயே ஒரு கக்கூஸ். இதே கோரிக்கையை, கிட்டத்தட்ட இதே வரிசையில், அவரே ஒரு தாளில் எழுதி அச்சடித்து ஊரெல்லாம் ஒட்டியிருக்கிறார். பசை வாளியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தவள் தாயாரம்மா, அவர் மனைவி. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டுக்குள் கக்கூஸ் இல்லாமலே போய்ச் சேர்ந்தாள்.

மிக்சர் தட்டை யாரோ வாங்கிக்கொண்டார்கள். தலையைத் திருப்பிப் பார்த்தார். தெரிந்துகொண்டேதான் திருப்பினார், பின்னால் கம்பத்துக்கு அருகில் பாப்பம்மா நிற்பாள் என்று. நின்றாள். உட்கார நாற்காலி உறுப்பினர்களுக்குத்தான். அவளும் அவளைப் போன்றவர்களும் பின்வரிசைக்காரர்கள், குடியிருப்பின் பின்சுவரை ஒட்டித் தகரமும் ஹாலோபிளாக்குமாக எழும்பிய இருபது வீட்டுக்காரர்கள். கம்பெனியில் சுமை தூக்கியவர்கள், கழிவு அள்ளியவர்கள், எந்தப் பதிவிலும் பெயர் இல்லாத கான்ட்ராக்ட் ஆட்கள். ஸ்டிரைக் நடந்தபோது சங்கம் அவர்களுக்காக எதுவும் கேட்கவில்லை, ஆனாலும் அவர்கள் ஒருவரும் வாசலைத் தாண்டி உள்ளே போகவில்லை. போயிருந்தால் இரட்டைக் கூலி. பாப்பம்மாவின் புருஷன் அந்த நாட்களில் பட்டினியில் சுருண்டு கிடந்தான், போகவில்லை. அதற்குப் பிறகுதான் ஏகாம்பரம் அந்தப் புறம்போக்கு இடத்தைக் காட்டி, கட்டிக்கங்க, எவன் கேக்கறான்னு நான் பாக்கறேன் என்றார். இன்றுவரை எவனும் கேட்கவில்லை. பில்டரும் கேட்கவில்லை. அவன் வரைபடத்தில் அந்த இடம் கார் நிறுத்தம், சாம்பல் நிறத்தில், வெள்ளைக் கோடு போட்டு. உறுப்பினர்களுக்கு ஆளுக்கொரு வீடு, கட்டி முடியும் வரை வாடகை, எல்லாம் பேசியாகிவிட்டது. பின்வரிசை என்று ஒரு சொல்கூட இல்லை. தயாளனிடம் கேட்டதற்கு, அண்ணே அவங்க மெம்பரே கிடையாதே, எதுல சேக்கறது என்றான். நேற்று சாயங்காலம் பாப்பம்மா முருங்கைக்கீரை ஆய்ந்து ஒரு தூக்குவாளியில் போட்டுக் கொண்டுவந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நீங்க இருக்கீங்க, பாத்துக்குவீங்க என்றாள், கீரைக்கு உப்பு பார்த்துக்கொள்வீர்கள் என்பது மாதிரி. இந்தப் பெண்கள் யாரும் கெஞ்சுவதில்லை. கெஞ்சினால் மறுக்கலாம். ஆண்களோடு எத்தனை வருஷம் பேச்சுவார்த்தை நடத்தியிருக்கிறார். மேஜையைத் தட்டுவான், நாமும் தட்டலாம். கீரைக்கும் இட்லிக்கும் எதிராக எதைத் தட்டுவது?

ஒன்றும் பெரிய காரியமில்லை. எழுந்து நிற்க வேண்டும். பின்வரிசைக்கு இடம் வை, சின்ன வீடாக இருந்தாலும் சரி, வைத்துவிட்டு வா, அப்புறம் பேசுவோம். இரண்டு வாக்கியம். தீர்மானம் தள்ளிப்போகும், பில்டர் முகத்தைச் சுளிப்பான், வேண்டாம் என்று எழுந்துபோவான். போனவன் திரும்பி வருவான். இவ்வளவு நிலம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வேறு எங்கே கிடைக்கும் அவனுக்கு? திரும்பி வருவான். இந்த இடத்தில் வந்ததும் நினைப்பு ஒவ்வொரு தடவையும் சிக்கிக்கொள்கிறது, வேட்டி ஆணியில் மாட்டுவதுபோல. திரும்பி வருவான் என்றுதான் அன்றைக்கும் சொன்னார். கம்பெனி வாசலில், டிரம் மேல் ஏறி நின்று. முதலாளி பூட்டைப் போட்டுவிட்டுக் காரில் ஏறினான், கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். போகட்டும் தோழர்களே, இந்த மெஷினை விட்டு எங்கே போவான், வருவான், நாம் கேட்டதைக் கையில் ஏந்திக்கொண்டு வருவான். கைதட்டல் ரோடு வரை கேட்டது. அவன் வரவில்லை. மெஷின்கள் இரவோடிரவாக இன்னொரு மாநிலத்துக்குப் போயின. பூட்டு மட்டும் துருவேறி அங்கேயே கிடந்தது. அது தவறு என்று ஏகாம்பரம் ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை, இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டார். கோரிக்கை சரி, கணிப்பும் சரி, வராமல் போனது அவன் குற்றம். குனிந்து கிடந்திருந்தால் மட்டும் கம்பெனி நிலைத்திருக்குமா? எத்தனை கம்பெனி குனிந்தும் மூடியது. இதையெல்லாம் ஒரு நாள் எழுதி வைக்க வேண்டும். யாருக்கு? தர்மா படிக்க மாட்டான். அவன் அந்தக் கம்பெனியில் சேர்ந்திருக்க வேண்டியவன். தொழிலாளி வாரிசு என்ற வகையில் அடுத்த சித்திரையில் சேர்வதாக இருந்தது. சரி, சேர்ந்து என்ன கண்டிருப்பான். திரும்பி வருவான். வராவிட்டால்? வராவிட்டால் அந்தக் கூரை இன்னும் ஒரு மழை தாங்குமா? தலையணையில் விழுந்த பாளத்தைக் கஸ்தூரி பெருக்கி முறத்தில் அள்ளியபோது அது எவ்வளவு கனமாக இருந்தது. வருவான். பில்டர் முதலாளி இல்லை, அவனுக்கு மெஷின் கிடையாது, நிலத்தைத் தூக்கிக்கொண்டு இன்னொரு மாநிலத்துக்குப் போக முடியாது. இது நல்ல வாதம். ஆனால் வாதம் நன்றாக இருக்கும்போதெல்லாம் இப்போது அவருக்கு அந்த டிரம்தான் ஞாபகம் வருகிறது. நன்றாகப் பேசத் தெரிந்தது ஒரு காலத்தில் பலமாக இருந்தது. மின்சார ரயில் ஒன்று ஆவடிப் பக்கம் போனது, ஷாமியானாக் கம்பங்கள் லேசாக நடுங்கின.

பில்டர் வந்தான். சின்னப் பையன், முப்பதுகூட இருக்காது, எல்லோருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டே வந்து ஏகாம்பரத்தின் காலைத் தொட்டான். யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். காலை இழுத்துக்கொள்ள நினைத்தார், முட்டி ஒத்துழைக்கவில்லை. அவன் பேசினான், அழகாகவே பேசினான், லிஃப்ட் என்றான், ஜெனரேட்டர் என்றான், குழந்தைகள் விளையாட ரப்பர் தரை என்றான். பெண்களிடமிருந்து கேள்விகள் வந்தன, தண்ணீர் எத்தனை மணி நேரம் வரும், துணி எங்கே காயவைப்பது. அப்பாடா, ஒருத்தியாவது கேட்டாள். கோதண்டத்தின் மகன் லிஃப்டில் சக்கர நாற்காலி நுழையுமா என்று கேட்டான், நுழையும் என்றதும் கோதண்டம் ஒரு பக்க வாயால் சிரித்தான். ஏகாம்பரம் அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். தயாளன் மைக்கை வாங்கினான். தீர்மானத்தைப் படித்தான். படித்து முடித்து, எல்லோரும் கேட்டுக்கிட்டீங்க, வழக்கப்படி, எதிர்க்கறவங்க எழுந்து நிக்கலாம் என்றான். சொல்லும்போது முன்வரிசையைப் பார்க்காமல் பந்தல் துணியைப் பார்த்தான். இரைச்சல் அடங்கியது. மின்விசிறி மட்டும் கரகரத்தது. ஏகாம்பரத்தின் உடம்பு அவரைக் கேட்காமலே முன்னால் சாய்ந்தது. அத்தனை வருஷப் பழக்கம், அந்த வாக்கியம் காதில் விழுந்தால் முதுகு நிமிரும். நாற்காலி பின்னால் வழுக்கியது. முட்டியில் கையை ஊன்றினார். நரம்பு விழித்துக்கொண்டது. மறுபடி. முடியவில்லை. இடது கை தானாக நீண்டது, காற்றில், எதையாவது பிடிக்க. நீட்டிய பிறகுதான் அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறாள் என்பது நினைவுக்கு வந்தது.

கஸ்தூரி அந்தக் கையைப் பார்த்தாள். எதற்காக நீள்கிறது என்று அவளுக்குத் தெரியும், இந்தப் பந்தலில் எல்லோருக்கும் தெரியும். கைப்பையின் ஜிப்பை மூடினாள். அவள் கை கொடுக்காமல் இருந்திருக்கலாம். கவனிக்காதது மாதிரித் தன் போனைப் பார்த்திருக்கலாம், யாரும் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், அவரேகூட. அவள் எழுந்தாள், ஒரு கையை அவர் கைக்கும் ஒரு கையை அவர் அக்குளுக்கும் கொடுத்து, தினமும் குளிக்கப் போகும்போது தூக்குவது போலவே, அவசரமில்லாமல் தூக்கி நிறுத்தினாள். அவர் நின்றார். ஏகாம்பரம் அண்ணன் எழுந்திருக்காரு என்று மைக்கில் தயாளனின் குரல் பிசிறியது. பின்னால் நாற்காலிகள் முனகின. இரண்டாம் வரிசையில் பழைய ஸ்டிரைக் தோழன் சபாபதி முட்டியில் கையை வைத்துவிட்டான், அவருக்குப் பின்னால் எழுவதற்கு, அந்தக் காலம் மாதிரி. பில்டர் பையன் தயாளனைப் பார்த்தான். அந்த இரண்டு வாக்கியமும் ஏகாம்பரத்தின் நாக்கில் முழுசாக இருந்தன. கஸ்தூரி இன்னும் கையை விடவில்லை. விட்டால் விழுந்துவிடுவார் என்பதற்காகப் பிடித்திருந்தாள், வேறொன்றுமில்லை. அவள் இழுத்திருக்க வேண்டும். ஒரு தடவை, லேசாக, உட்காருங்க மாமா என்று இழுத்திருந்தால் போதும், அந்த இழுப்புக்கு எதிராக அவர் நிமிர்ந்து பேசியிருப்பார், வாழ்நாள் முழுவதும் இழுத்தவர்களுக்கு எதிராகத்தான் பேசினார், அது அவருக்குத் தெரியும். அவள் இழுக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளங்கை காய்த்துப்போய்ச் சொரசொரப்பாக இருந்தது, அவருடைய எடை முழுவதையும் தாங்கிக்கொண்டு, தன் வீட்டைத் தானே தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டு, சும்மா நின்றது அந்தக் கை.

"சொல்லுங்கண்ணே" என்றான் தயாளன்.

ஏகாம்பரம் வாயைத் திறந்தார். தொண்டையைச் செருமினார்.

"ஒண்ணுக்குப் போவணும்" என்றார்.

 முதலில் சிரித்தவன் சபாபதி, முட்டியில் இருந்து கையை எடுத்துக்கொண்டே. பந்தல் முழுக்க அந்தச் சிரிப்பு பரவியது, கேலி இல்லை, நிம்மதி, பொத்திவைத்த காற்று வெளியேறுவதுபோல. கொஞ்ச நேரத்துல எங்க உசிரை வாங்கிட்டீங்களே அண்ணே, போய்ட்டு வாங்க, பாத்து என்று தயாளன் மைக்கிலேயே சொன்னான், அதற்கும் சிரித்தார்கள். கஸ்தூரி சிரிக்கவில்லை. அவரைப் பார்க்கவும் இல்லை. கையைப் பிடித்து நாற்காலிகளுக்கு நடுவே வழி விலக்கிக் கூட்டிக்கொண்டு போனாள். கம்பத்துக்கு அருகில் பாப்பம்மா ஒதுங்கி வழிவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே பார்த்துவிட்டார். அதில் கோபம் இருந்திருந்தால் தேவலை. "படி இருக்கு, பாத்துப் போங்கண்ணே" என்றாள் அவள். முதுகுக்குப் பின்னால் மைக் மறுபடி உயிர் பெற்றது, அப்ப ஒருமனதா நிறைவேறிச்சு என்றது, கைதட்டல் எழுந்தது. நல்ல கைதட்டல். எப்போது தட்ட வேண்டும் என்று தெரிந்தவர்களின் கைதட்டல்.

வரிசைக் கோடியில் இருந்த பொதுக் கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் எப்போதோ போய்விட்டது. உள்ளே போகிறவருக்கு யாராவது வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கஸ்தூரி பிடித்துக்கொண்டாள். உள்ளே இருட்டாக இருந்தது, பினாயில் நெடி கண்ணைக் கரித்தது. ஏகாம்பரம் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றார். வேட்டியைத் தொடவில்லை. ஒன்றும் வரவில்லை, வர வேண்டியதும் இல்லை. கதவின் கீழ் இடைவெளியில் அவள் கால்கள் தெரிந்தன, தேய்ந்த செருப்பு, அசையாமல். கைதட்டல் ஓய்ந்து, காபி கொடுக்கிறார்கள் போலிருந்தது, டம்ளர் சத்தம் கேட்டது. எவ்வளவு நேரம் நிற்பது முறையாக இருக்கும் என்று யோசித்தார். பிறகு மெதுவாகக் குனிந்து, வாளியில் இருந்து ஒரு மக்குத் தண்ணீரை மொண்டு, வெளியே கேட்கும்படி ஊற்றினார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு மக்கு.